இரண்டாவது ஏஜென்சி

1. திங்கட்கிழமை வந்த போன்கள்

அன்று காலை பதினொரு மணிக்குள் எங்கள் அலுவலகத்துக்கு முப்பது போன் வந்துவிட்டது. சாதாரண நாட்களில் காலையிலிருந்து மாலை வரை எண்ணினாலும் பத்துப் பன்னிரண்டைத் தாண்டாது. முதல் ஐந்து போனுக்கு நாங்கள் சந்தோஷப்பட்டோம். ஆறாவது போனில் முருகேசனின் முகம் மாறியது.

முருகேசன் எங்கள் சப்போர்ட் போனில் உட்காருகிறவர். பதினான்கு வருட அனுபவம். போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"அக்கா, பேண்டேஜ் துணி ரோலு எம்புட்டுன்னு கேக்குறாரு. என்ன சொல்ல?"

"நாம துணி விக்கலைன்னு சொல்லுங்க."

"அதைத்தான் இதுக்கு முன்னால அஞ்சு பேருகிட்டயும் சொன்னேன்."

நாங்கள் விற்றது மென்பொருள். ராஜபாளையத்தைச் சுற்றி பேண்டேஜ் துணி நெய்கிற யூனிட்டுகளுக்கு எழுதியது. நூல் எந்த மில்லிலிருந்து வந்தது, எந்தத் தறியில் ஓடியது, என்றைக்கு ப்ளீச்சிங் போனது, எந்த ரோலாக வெளியே போனது என்று ஒவ்வொரு லாட்டையும் பதிந்து வைப்பது அதன் வேலை. ஆஸ்பத்திரிக்குப் போகிற துணி. ஆடிட்டர் வந்து ஏதாவது ஒரு ரோலைக் கையில் எடுத்து, இது எங்கிருந்து வந்தது என்று கேட்பார். உடனே காட்ட வேண்டும். காட்ட முடியாத யூனிட்டுக்கு ஏற்றுமதி ஆர்டர் கிடைக்காது.

அன்று எங்கள் முதல் விளம்பரம் இன்டர்நெட்டில் ஏறியிருந்தது. அதைப் போட்ட ஏஜென்சிக்காரர்கள் 'பேண்டேஜ்', 'காட்டன்', 'சர்ஜிக்கல்' என்று யார் தேடினாலும் எங்கள் போன் நம்பர் தெரியும்படி செய்துவிட்டார்கள். மெடிக்கல் கடைக்காரர்கள் போன் செய்தார்கள். ஒரு நர்சிங் ஹோமிலிருந்து போன் செய்தார்கள். காலில் அடிபட்ட ஒருவர், எந்தக் கட்டு நல்லது என்று விசாரித்தார். மூன்று பேர் வேலை கேட்டார்கள். மென்பொருள் கேட்டு ஒருவரும் வரவில்லை.

அதுகூடப் பரவாயில்லை. மதியம் செட்டியார்பட்டியிலிருந்து காளிராஜ் அண்ணாச்சி மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். எங்கள் பழைய வாடிக்கையாளர். அறுபது தறி வைத்திருக்கிறவர். ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே உள்ளே வந்தார்.

"ஏம்மா பாக்கியம், என் ஆபீஸ்ல ஆடிட்டர் உக்காந்திருக்காரு. ஒரு ரோலு கணக்கு வெளிய வர மாட்டேங்குது. ஒரு மணி நேரமா உங்களுக்குப் போன் போடுதேன், எங்கேஜ்டு, எங்கேஜ்டு. அப்படி யாருகிட்டதான் பேசிக்கிட்டிருக்கீங்க?"

முருகேசனை அவர் வண்டியிலேயே அனுப்பி வைத்தேன். போகும்போது அண்ணாச்சி திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "அடுத்த தடவை இப்படி ஆச்சுன்னா வேற ஆளைப் பாத்துக்கிடுவேன். வருத்தப்படாதீங்க."

அந்த விளம்பர ஏஜென்சியைத் தேர்ந்தெடுத்தது நான்தான்.

2. எப்படித் தேர்ந்தெடுத்தேன்

என் பெயர் பாக்கியலட்சுமி. சேத்தூரிலிருந்து தினமும் ஸ்கூட்டரில் வேலைக்கு வருகிறவள். பி.எஸ்சி. கணக்கு முடித்து இந்தக் கம்பெனியில் டைப் அடிக்கச் சேர்ந்தேன். இருபத்துமூன்று வருடத்தில் சப்போர்ட், டிரெய்னிங் எல்லாம் பார்த்துவிட்டு இப்போது மேனேஜர். எங்கள் முதலாளி ரகுராம் சார்தான் அந்த மென்பொருளை முதன்முதலில் எழுதியவர். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். ஒரு விஷயத்துக்கு ஒத்துக்கொண்டால் 'சரே' என்பார். அந்தச் சொல் வரும்வரை நாங்கள் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்போம்.

அந்த வருடம் எங்களுடைய மிகப் பெரிய வாடிக்கையாளரான ஒரு நூற்பாலை கைமாறியது. வாங்கியவர்கள் தங்களுடைய சொந்த மென்பொருளைக் கொண்டு வந்துவிட்டார்கள். அதே சமயத்தில் வெளியூர்க் கம்பெனி ஒன்று எங்கள் மென்பொருளை விலைக்குக் கேட்டது. விற்றால் ராஜபாளையம் அலுவலகம் இருக்காது. பதினொரு பேரில் இரண்டு பேரை மட்டும் எடுத்துக்கொள்வார்களாம்.

சார் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "ஆறு மாசம் பார்ப்போம் பாக்கியம். அதுக்குள்ள அஞ்சு புது யூனிட் வந்தா நாம இங்கயே இருப்போம். வரலைன்னா வித்துற வேண்டியதுதான். இதுவரைக்கும் நாம வெளிய போய்ச் சொன்னதே இல்லை. நல்ல மார்க்கெட்டிங் ஏஜென்சி ஒண்ணைப் பாரு."

எனக்கு லாட் தெரியும், தறி தெரியும். மார்க்கெட்டிங் தெரியாது. ஒரு பெரிய ஊர் ஏஜென்சியிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். திரையில் ஒவ்வொரு படமும் அவ்வளவு அழகு. லீட், ரீச், இம்ப்ரெஷன், ஃபனல் என்று வார்த்தை வார்த்தையாகக் கொட்டினார்கள். பாதி எனக்குப் புரியவில்லை. 'அப்படின்னா என்ன?' என்று ஒரு தடவையாவது கேட்டிருக்கலாம். ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி மேனேஜர் இதைக் கேட்டால் என்ன நினைப்பார்கள் என்று வெட்கம். ஒவ்வொரு படத்துக்கும் தலையாட்டினேன். அன்றே கையெழுத்தும் ஆனது.

அந்தத் திங்கட்கிழமை மாலை சாரிடம் போய் இதை அப்படியே சொன்னேன். விளம்பரத்தை நிறுத்தச் சொன்னதையும் சொன்னேன். இரண்டு மாதம் போயிருந்தது. ஒதுக்கிய பணத்தில் பாதியும் போயிருந்தது.

அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. "புரியாததுக்கு எதுக்கு தலையாட்டுன?" என்று மட்டும் கேட்டார். பிறகு, "நீயே மறுபடியும் தேடு. இந்தத் தடவை உனக்குத் தெரிஞ்சதை வச்சுத் தேடு," என்றார்.

3. ஒரு நாள் எங்கள் பக்கத்தில் உட்காருங்கள்

எனக்குத் தெரிந்தது சப்போர்ட் போன். அதனால் ஒரு நிபந்தனை வைத்தேன். எங்கள் வேலை வேண்டும் என்கிற ஏஜென்சிக்காரர், படம் எதுவும் காட்டுவதற்கு முன்பு ஒரு நாள் முழுக்க முருகேசன் பக்கத்தில் உட்கார்ந்து வருகிற போன்களைக் கேட்க வேண்டும். அந்த ஒரு நாளுக்குரிய சம்பளத்தை நாங்கள் கொடுத்துவிடுவோம்.

அதோடு எல்லோரிடமும் ஒரு கேள்வி: உங்களை விட்டுப் போன வாடிக்கையாளர் ஒருவரின் நம்பர் கொடுங்கள். இருக்கிறவர் நல்லதைத்தான் சொல்வார். போனவரிடம் பேசினால்தான் நமக்கு ஏதாவது தெரியும்.

சென்னை ஏஜென்சி ஒன்றின் தலைவர் போனிலேயே சிரித்துவிட்டார். பிறகு நிதானமாகச் சொன்னார்: "மேடம், நேராச் சொல்லிடறேன். நான் வந்து பேசினா உங்களுக்குப் பிடிக்கும். ஆனா வேலையை நான் பார்க்க மாட்டேன், புதுசா சேர்ந்த யாராவது பார்ப்பாங்க. எங்ககிட்ட இருக்கிறதுலயே சின்ன வாடிக்கையாளர் நீங்களாத்தான் இருப்பீங்க. உங்களுக்கு நாங்க சரிப்பட மாட்டோம்." அவர்மேல் எனக்கு இன்றைக்கும் மரியாதை உண்டு.

மதுரையிலிருந்து ஜாகிர் என்பவர் வந்தார். தனி ஆள். இன்டர்நெட் விளம்பரத்தை எங்கே, யாருக்கு, எப்போது காட்டுவது என்பதில் கெட்டிக்காரர். பழைய விளம்பரத்தைப் பார்த்ததும், "துணி வாங்கத் தேடுறவங்க கண்ணுல படாம இதுல தடுக்க வேண்டிய வார்த்தைகளைத் தடுக்கவே இல்லையே," என்று தலையில் கை வைத்தார். அவரை விட்டுப் போன வாடிக்கையாளரிடம் பேசினேன். "வேலை சுத்தம். ஆனா என்ன சொல்லணுங்கிறதை நாமதான் எழுதிக் குடுக்கணும். அது எங்களால ஆகலை," என்றார். எங்களாலும் ஆகாது. அதுதானே எங்கள் பிரச்சினையே.

மூன்றாவதாக ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தேன்மொழி வந்தார். நாற்பது வயது இருக்கும். ரத வீதிக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் மூன்று பேருடன் ஏஜென்சி நடத்துகிறவர். பால்கோவாக் கடைகளுக்கும் ஒரு சேலைக் கடைக்கும் விளம்பரம் செய்தவர். சார் முதலில் வேண்டாம் என்றுதான் சொன்னார்.

"பால்கோவாவை வாயில போட்டா தெரியும். நம்ம சரக்கு அப்படியா? அந்தம்மாவுக்கு இது எப்படிப் புரியும்?"

"எனக்கே அவங்க வேலை புரியலை சார். ஒரு நாள்தானே, உக்காரட்டும்," என்றேன்.

ஒரு சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தேன்மொழி ஹெட்செட்டை மாட்டினார். மதியச் சாப்பாட்டுக்கு மட்டும்தான் கழற்றினார். புரியாத ஒவ்வொரு வார்த்தைக்கும் முருகேசனிடம் அர்த்தம் கேட்டார். நான் அன்று கேட்காமல் விட்ட மாதிரிக் கேள்விகளை அவர் கொஞ்சம்கூடக் கூச்சப்படாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பார்க்கப் பொறாமையாகக்கூட இருந்தது.

நாலு மணிக்கு என் மேஜைக்கு வந்தார்.

"மேடம், இன்னிக்கு வந்த போன்ல மூணு போன் ஒரே அம்மா. வேலம்மாள்னு பேரு. மூணு தடவையும் ஒரே சந்தேகம்தான். அவங்களைப் பாக்கணுமே."

4. வேலம்மாளின் நோட்டு

வேலம்மாள், காளிராஜ் அண்ணாச்சி யூனிட்டில் சூப்பர்வைசர். தறியிலிருந்து இறங்குகிற ஒவ்வொரு ரோலையும் மேஜையில் ஓடவிட்டுப் பார்த்து, நம்பர் போட்டு அனுப்புகிறவர். எங்கள் மென்பொருளில் ரோல் விவரத்தை ஏற்ற வேண்டியவரும் அவர்தான். அவருக்கு டிரெய்னிங் கொடுத்ததும், 'டிரெய்னிங் முடிந்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டதும் நான்தான்.

இரண்டு நாள் கழித்து நாங்கள் போனபோது கம்ப்யூட்டர் மேல் ஒரு துண்டு போர்த்தியிருந்தது. பஞ்சு படியாமல் இருக்க என்று நினைத்தேன். தேன்மொழி, "இதை எப்பம்மா திறப்பீங்க?" என்று கேட்டார்.

வேலம்மாள் என்னை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "சனிக்கெழமை."

"தினமும் இல்லையா?"

"தெனமும் நோட்டுல எழுதிருவேன். சனிக்கெழமை கணக்கர் தம்பி உக்காந்து மொத்தமா ஏத்திருவாரு. அவருக்குச் சந்தேகம் வந்தா என்னையப் போன் போடச் சொல்லுவாரு."

நான் இடையில் புகுந்தேன். "ஏன் வேலம்மா, அன்னிக்கு நல்லாத்தானே ஏத்துனீங்க?"

"நீங்க பக்கத்துல நின்னீங்க, ஏத்துனேன்." அவர் குரலில் குற்றம் சொல்லும் தொனி இல்லை. "இந்தப் பொட்டி இங்கிலீசுல கேக்குது மேடம். பன்னெண்டு கட்டம். நான் எட்டாப்புதான். எனக்கு ரோலு நம்பர் தெரியும், தறி நம்பர் தெரியும், மீட்டர் தெரியும், குறை இருந்தா தெரியும். மிச்சம் எட்டுக் கட்டம் என்னத்துக்குன்னு எனக்குத் தெரியலை. ஒண்ணை விட்டுட்டா அடுத்ததுக்குப் போக விடாது. அதுக்குள்ள இங்கன நாலு ரோலு குமிஞ்சுரும்."

அன்றைக்கு ஆடிட்டர் முன்னால் ரோல் கணக்கு வராமல் போன காரணம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. அன்று முருகேசன் போய் அந்த ஒரு ரோலை மட்டும் ஏற்றிக் கொடுத்துவிட்டு வந்தார்; ஏன் ஏறவில்லை என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. மென்பொருளில் கோளாறு இல்லை. ஆடிட்டர் கேட்ட ரோல் இன்னும் நோட்டில்தான் இருந்தது. அடுத்த சனிக்கிழமை அப்போது வந்திருக்கவில்லை.

திரும்பி வர ஆட்டோவில் ஏறினோம். தேன்மொழி தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"மேடம், தப்பா நினைக்காதீங்க. இப்ப நான் விளம்பரம் பண்ணி பத்துப் பேரைக் கூட்டிட்டு வந்தா, அந்தப் பத்து யூனிட்டுலயும் ஒரு வேலம்மா இருப்பாங்க. அவங்களும் சனிக்கிழமைதான் ஏத்துவாங்க. பொறவு அந்த முதலாளிங்க நாலு பேருகிட்டச் சொல்லுவாங்க. என் விளம்பரத்தை விட அது வேகமாப் போகும். முதல்ல இதைச் சரி பண்ணுங்க. அதுவரைக்கும் விளம்பரம் வேண்டாம். எனக்கும் வேண்டாம்."

வேலை கேட்டு வந்தவர், வேலையை வேண்டாம் என்கிறார். அவரைத்தான் எடுக்க வேண்டும் என்று அந்த ஆட்டோவில் வைத்தே முடிவு செய்தேன். ஆனால் அதற்கு முன்னால் சாரிடம் இதைச் சொல்ல வேண்டும். என் கையெழுத்துப் பொய்யாகப் போனதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

5. சரே

"விளம்பரம் பண்ணுங்கன்னு கூப்பிட்டா, விளம்பரம் வேண்டாம்கிறாங்களா? நல்ல ஏஜென்சி பிடிச்ச போ!" சார் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "இருபத்தஞ்சு வருஷமா ஓடுற சாஃப்ட்வேர். ஒரு நாள் போன் கேட்டவங்க அதைக் குறை சொல்றாங்க!"

"அவங்க சொல்லலை சார். வேலம்மா சொன்னாங்க. அவங்களுக்குச் சொல்லிக் குடுத்தது நான். அவங்க திரும்பத் திரும்பப் போன் பண்ணினப்பவும் ஏன்னு கேக்காம பதில் மட்டும் சொல்லி அனுப்பினது நாங்க. மத்த யூனிட்டுலயும் இன்னிக்கு விசாரிச்சேன். பாதிக்கு மேல இப்படித்தான் நடக்குது."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அந்தப் பன்னிரண்டு கட்டத்தையும் அவர்தான் ஒவ்வொன்றாக யோசித்து வைத்தவர். எனக்கு அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

மறுநாள் காலை அவர் அலுவலகத்துக்கு வரவில்லை. மதியம் மூன்று மணிக்கு வந்தபோது தலையெல்லாம் பஞ்சு. காலையிலிருந்து வேலம்மாளின் மேஜைக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறார். ஒரு ரோலை ஏற்றிப் பார்த்திருக்கிறார்.

"நானே ஒரு கட்டத்தை விட்டுட்டேன் பாக்கியம். அடுத்ததுக்குப் போக விடலை." சட்டையிலிருந்து பஞ்சைத் தட்டிவிட்டார். "சரே. அந்த எட்டையும் எடுத்துருவோம். நூல் விவரம் ஏற்கெனவே உள்ளதான் இருக்கு, அந்தம்மாகிட்ட எதுக்குத் திரும்பக் கேக்கணும்? தமிழ்ல போடுவோம். பொட்டி வேண்டாம், போன்ல போடுவோம்."

அடுத்த ஐந்து வாரம் எங்கள் புரோகிராமர்கள் இருவரும் சாரும் வேறு எதையும் பார்க்கவில்லை. நானும் முருகேசனும் மாற்றியதை யூனிட் யூனிட்டாக எடுத்துக்கொண்டு போய்க் காட்டினோம். இந்த முறை நான் பக்கத்தில் நிற்கவில்லை. போனைக் கையில் கொடுத்துவிட்டு வாசலுக்குப் போய்விடுவேன். அரை மணி கழித்து வந்து பார்ப்பேன். ஏற்றி முடித்ததும் அழுத்த வேண்டிய பச்சைப் பட்டன் எது என்று தெரியாமல் முதல் வாரம் திணறினார்கள். அதையும் மாற்றினோம். மூன்றாவது வாரம் செட்டியார்பட்டிக்குப் போனபோது வேலம்மாளின் மேஜையில் நோட்டைக் காணவில்லை.

"எங்க வேலம்மா நோட்டு?"

"அது எதுக்கு ரெண்டு வேலை?" என்று சொல்லிவிட்டு அடுத்த ரோலை இழுத்தார்.

6. காபி ஆறவில்லை

கையில் இரண்டு மாதமும் கொஞ்ச நாளும் மிச்சம் இருந்தன. இப்போது தேன்மொழி வேலையைத் தொடங்கினார். தொடங்கும்போதே, "இன்டர்நெட்டுல யாருக்குக் காட்டணும்கிற வேலை எனக்கு அவ்வளவா வராது. அந்த மதுரைக்காரர்கிட்டக் குடுங்க. சொல்றதை நான் பாத்துக்கறேன்," என்றார். தன்னால் எது முடியாது என்று சொல்லும் ஏஜென்சியை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. ஜாகிரும் ஒத்துக்கொண்டார்.

ஒரு நிமிட வீடியோ. அதில் பேச வேண்டியது வேலம்மாள் என்றார் தேன்மொழி. சார், இரண்டு பக்கத்துக்கு வசனம் எழுதிக்கொண்டு வந்தார். தேன்மொழி அதை வாங்கி மரியாதையாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். வெளியே எடுக்கவே இல்லை.

வேலம்மாளும் நிபந்தனை போட்டார். "சேலை நான் சொல்றதுதான். சும்மா சும்மா சிரிக்கச் சொல்லக் கூடாது. பொய் சொல்ல மாட்டேன்."

"பொய் வேண்டாம்மா. போன வாரம் ஆடிட்டர் வந்தாருல்ல, அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்க."

வேலம்மாள் கேமராவைப் பார்க்காமல் ரோலைப் பார்த்துக்கொண்டே பேசினார்: "அவிய வந்து உக்காந்தாக. காபி குடுத்தோம். ஒரு ரோலைக் காட்டி, இது எங்க உள்ள நூலுன்னாக. நான் போனைத் தொட்டேன். நூலு, தறி, தேதி அம்புட்டும் வந்துருச்சு. அவிய காபி ஆறல."

அவ்வளவுதான் விளம்பரம். எங்கள் கம்பெனிப் பெயரும், ராஜபாளையம் என்ற ஊர்ப் பெயரும் கடைசியில் வந்தன.

ஜாகிர் அதைத் துணி யூனிட் நடத்துகிறவர்களுக்கு மட்டும் போகும்படி வைத்தார். முதல் வாரம் இரண்டே போன். எனக்குப் பழைய பயம் வந்துவிட்டது. தேன்மொழியைக் கூப்பிட்டு, "ரெண்டுதான் வந்திருக்கு," என்றேன்.

"ரெண்டும் யாரு மேடம்?"

பார்த்தேன். இரண்டு பேருமே யூனிட் முதலாளிகள். இரண்டு பேருமே மென்பொருள்தான் கேட்டிருந்தார்கள்.

அவர்களில் ஒருவர் ஈரோட்டுப் பக்கத்துக்காரர். நேரில் வந்தார். சார் லேப்டாப்பைத் திறந்ததும், "அது இருக்கட்டுங்க. அந்த வீடியோவுல பேசுன அம்மாவைப் பாக்க முடியுங்களா?" என்றார். செட்டியார்பட்டிக்குக் கூட்டிப் போனோம். தன்னுடைய சூப்பர்வைசர் அம்மாவையும் அவர் அழைத்து வந்திருந்தார். வேலம்மாளும் அந்த அம்மாவும் ஒரு மணி நேரம் பேசிக்கொண்டார்கள். நாங்கள் வெளியே வேப்பமரத்தடியில் நின்றோம். அந்த அம்மா வெளியே வந்து முதலாளியைப் பார்த்து, "வாங்கிப்போடலாங்க," என்றார். எங்கள் முதல் புது யூனிட் அப்படித்தான் வந்தது.

7. ஐந்து வந்ததா?

வரவில்லை. ஆறு மாதம் முடிந்த அன்று மூன்று புது யூனிட். அதோடு, போய்விடுவேன் என்று சொன்ன காளிராஜ் அண்ணாச்சி சோழபுரத்தில் தொடங்கிய இரண்டாவது யூனிட்டுக்கும் எங்களிடமே கேட்டிருந்தார். அதைச் சேர்த்தால் நாலு.

சார் எல்லோரையும் உட்கார வைத்தார். பதினொரு பேரும் இருந்தோம். நான்தான் முதலில், "அஞ்சு ஆகலை சார்," என்றேன்.

"ஆகலைதான்." அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "வாங்குறேன்னு சொன்னவங்களுக்கு நேத்தே போன் பண்ணி, விக்கலைன்னு சொல்லிட்டேன். அஞ்சுன்னு நான் சொன்னப்ப, நாம விக்கிறது என்னன்னு எனக்கே சரியாத் தெரியாது. இப்ப தெரியுது. தெரிஞ்ச பொறவு எதுக்கு விக்கணும்?"

முருகேசன் சட்டென்று எழுந்து வெளியே போனார். கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் திரும்பி வந்தார். நாங்கள் யாரும் அதைப் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. தேன்மொழியும் ஜாகிரும் இன்னும் எங்களோடுதான் இருக்கிறார்கள். மாதம் ஒரு தடவை சண்டை வரும். போன மாதம் ஒரு விளம்பரம் சரியாகப் போகவில்லை; தேன்மொழியே வந்து, என் தப்பு என்று சொல்லி நிறுத்தச் சொன்னார்.

இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவர்கள், ஏஜென்சியை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று என்னிடம் கேட்கிறார்கள். பெரிய ஊரா, சின்ன ஊரா என்று பார்க்காதீர்கள். நம் வாடிக்கையாளர் பேசுவதை ஒரு நாள் முழுக்கக் கேட்கப் பொறுமை இருக்கிறதா என்று பாருங்கள். நமக்குப் பிடிக்காத ஒன்றை முகத்துக்கு நேராகச் சொல்கிறார்களா என்று பாருங்கள். சொன்னால், கேட்டுக்கொள்கிற தைரியம் உங்களுக்கும் வேண்டும். இதெல்லாம் அவர்கள் கொண்டுவருகிற படங்களில் தெரியாது. அவர்கள் பேசும்போது ஒரு வார்த்தை புரியவில்லை என்றால் கையைத் தூக்கிக் கேட்டுவிடுங்கள். நான் கேட்காமல் தலையாட்டியதால், பதினொரு குடும்பங்கள் பயந்துகொண்டிருந்த அந்த ஆறு மாதத்தில் இரண்டு மாதம் வீணாகப் போனது.